பதின்மூன்று

பாய லேபார், ஏழாவது மாடி, ஒன்பதரை மணி.
குளிரூட்டிக் காற்று நேராகப் பலகையில் அடிக்கிறது.
மஞ்சள் சீட்டுகள் உதிர்கின்றன.
முடிந்த வேலை, முடியாத வேலை என்று
காற்று வித்தியாசம் பார்ப்பதில்லை.
பொறுக்கி ஒட்டுவது நான்.
ஸ்க்ரம் மாஸ்டர்.
மாஸ்டர் என்றதும் என் மாமனாருக்கு நினைவு வருவது
பரோட்டா மாஸ்டர்தான்.

வட்டமாக நிற்கிறோம்.
நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன.
ஜுன் காய்: தடை இல்லை.
மார்லன்: தடை இல்லை.
கோயம்புத்தூரில் காலை ஏழு,
தலை காயாத திருமலைச்செல்வன் திரையில் வாயசைக்கிறான்.
ஒலி வரவில்லை. இருந்தாலும் தெரிகிறது,
தடை இல்லை.

ஒரு சீட்டு மட்டும் பதினோரு நாளாக
'நடந்துகொண்டிருக்கிறது' பத்தியில்
நின்றுகொண்டிருக்கிறது.
"ஒரு நோயாளியாக,
என் முன்பதிவை நானே ரத்துசெய்ய வேண்டும்,
தொலைபேசியில் காத்துக் கிடக்காமல்."
என் கையெழுத்து.
இறங்க வேண்டிய கோடு வரைபடத்தில்
ஈஸ்ட் கோஸ்ட் கடல்போல மட்டமாகக் கிடக்கிறது.
ரஸிஃப் வேறு வாடிக்கையாளரைப் பார்த்துவிட்டு
இரண்டு புதுச் சீட்டோடு வருகிறார்:
சின்னதுதான், உள்ளே போட்டுவிடலாம்.
அடுத்த சுற்றுக்கு என்கிறேன்.
மறுநாளும் வருகிறார், அதே இரண்டோடு.

இதெல்லாம் எனக்குத் தெரிந்த தொல்லைகள்.
பயிற்சி வகுப்பில் ஒவ்வொன்றுக்கும் மருந்து கொடுத்தார்கள்.
நான் சொல்ல வந்தது வேறு.

அந்தச் சீட்டை மதிப்பிட்ட நாள்.
மணி பன்னிரண்டே முக்கால்.
கீழே பான் மியான் கடையில் வரிசை
லிஃப்ட் வரைக்கும் வந்திருக்கும்.
ஒன்று, இரண்டு, மூன்று என்றேன்,
எல்லாரும் அட்டையைத் திருப்பினார்கள்.
மூன்று. மூன்று. மூன்று.
திரையில் மூன்று விரல்.
நூர் ஹிதாயா கையில்
பதின்மூன்று.

சேர்ந்து ஆறு வாரம் ஆன பெண், சோதனைப் பிரிவு.
ஒரு பார்வை இடம், ஒரு பார்வை வலம்.
அட்டையைக் கவிழ்த்தாள்,
வேறொன்றை எடுத்தாள்.
மூன்று.

நல்லது, ஒருமனம் என்றேன்.
சாப்பிடப் போனோம்.

வெள்ளிக்கிழமை, திரும்பிப் பார்க்கும் கூட்டம்.
வெளியே பெருமழை, எதிர்க் கட்டடம் காணவில்லை.
'தகவல் பரிமாற்றத்தை மேம்படுத்தலாம்'
மூன்று சீட்டில், மூன்று கையெழுத்தில்.
போன மாதச் சீட்டையே ஒட்டியிருக்கலாம்.
பேனாவை மூடி வைத்தேன்.
ஹிதாயா, அன்று உன் கையில் பதின்மூன்று இருந்தது.
நான் பார்த்தேன்.
பசியாக இருந்தது. கேட்கவில்லை.

மழைச் சத்தம்.
ஜுன் காய் நாற்காலியைச் சுழற்றுவதை நிறுத்தினான்.
"எல்லாரும்தான் பார்த்தோம் லா."

பிறகுதான் அவள் பேசினாள், மேசையைப் பார்த்தபடி.
நான்கு வருடம் மருந்தகக் கவுன்ட்டரில் இருந்தாளாம்.
ஒரே ஆளுக்குக் கண்ணுக்கு ஒரு தேதி,
சர்க்கரைக்கு ஒரு தேதி,
பழைய பதிவில் இரண்டும் ஒரே எண்.
ஒன்றை ரத்துசெய்தால் மற்றதும் போய்விடும்.
வந்து நிற்பவரிடம்
உங்கள் பெயர் இல்லை என்று
நான் சொல்லியிருக்கிறேன், என்றாள்.

மார்லன் தலையில் கைவைத்தான்.
பதினோரு நாளாக
அவன் முட்டிக்கொண்டிருந்த சுவர் அதுதான்.
தடை இல்லை என்று சொன்னானே, அந்தச் சுவர்.
ஏன்டா சொல்லவில்லை என்று யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
முதல் பதில் நான் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்தச் சுற்றில் அது முடியவில்லை.
ரஸிஃப் முகம் ஒரு வாரம் சரியில்லை.
சீட்டை நான்காகக் கிழித்து எழுதினோம்,
மதிப்பீட்டைக் காலைக்கு மாற்றினேன்,
பிசின் நாடா வாங்கினேன்.

நேற்று மறுபடி அட்டைகள்.
எட்டு, எட்டு, ஐந்து, எட்டு.
ஹிதாயா எட்டு.
அந்த எட்டு அவளுடையதா,
பக்கத்து அட்டையைப் பார்த்து வந்ததா,
முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை.
மணி பத்து பத்து.
யாருக்கும் பசி இல்லை.

ஏன் எட்டு, என்றேன்.